சோதனை நிரல் படிக்கும் உரை: வாசகர் கேள்வி – பதில்

இணையச் செயலிகளைத் தானியங்கிச் சோதனைக்கு உட்படுத்தும்போது பக்கத்தில் உள்ள உரையை எப்படி ஒப்பிடுவது என்பது குறித்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் விவரம் அதிகம் உள்ள கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: திரையில் 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்ற வாக்கியம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் உலாவியைத் தானாக இயக்கும் கருவியான செலினியத்தில், பக்கத்தின் உறுப்புகளைத் தேடும் மொழியான எக்ஸ்பாத் கொண்டு அதைத் தேடினால், அப்படி ஓர் உறுப்பே இல்லை என்று சோதனை தோல்வியடைகிறது. வாக்கியத்தைப் பக்கத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டினேன் என்பதால் எழுத்துப் பிழைக்கு இடமில்லை. காரணம் என்னவாக இருக்கும்? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: ஒரே வரியாக நம் கண்ணுக்குத் தெரியும் வாக்கியம் எச்டிஎம்எல் மரத்தில், அதாவது பக்கத்தின் உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கட்டமைப்பில், பல துண்டுகளாகக் கிடக்கலாம். 'ஏற்கப்பட்டது' என்பதை மட்டும் தடித்த எழுத்தில் காட்டுவதற்காக அதை 'ஸ்ட்ராங்' குறிக்குள் இட்டிருந்தால், பத்தி உறுப்பின் நேரடி உரைக்கணு (உறுப்புக்குள் நேரடியாக நிற்கும் உரைத் துண்டு) 'உங்கள் விண்ணப்பம்' என்பதோடு முடிந்துவிடும். மீதிச் சொல் அதன் குழந்தை உறுப்புக்குள் இருக்கும். எக்ஸ்பாத்தில் 'டெக்ஸ்ட்()' என்று எழுதினால் அது குறிப்பது இத்தகைய உரைக்கணுக்களையே தவிர, உறுப்பின் முழு உரையை அன்று. சமக்குறி இட்டு ஒப்பிட்டால் நேரடி உரைக்கணுக்களில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலும் போதும். ஆனால் ஒரு தொடர் உள்ளடங்கியிருக்கிறதா என்று பார்க்கும் 'கன்டெய்ன்ஸ்' சார்புக்குள் 'டெக்ஸ்ட்()' கொடுத்தால், எக்ஸ்பாத் 1.0 விதிப்படி முதல் உரைக்கணு மட்டுமே சரமாக (எழுத்துகளின் வரிசையாக) மாற்றப்பட்டு ஒப்பிடப்படும். வரிமுறிவுக் குறிக்குப் பின்னால் வரும் சொல்லைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். எக்ஸ்பாத் 1.0, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 1999 நவம்பரில் வெளிவந்தது. அதன் பிறகு புதிய பதிப்புகள் வந்திருந்தாலும் உலாவிகள் 1.0-வைத் தாண்டவில்லை, எனவே பிற்காலப் பதிப்புகளின் வசதிகளைப் படித்துவிட்டு அவற்றைச் செலினியத்தில் எதிர்பார்க்கக் கூடாது.

'டெக்ஸ்ட்()' இருக்கும் இடத்தில் ஒரு புள்ளியை மட்டும் இட்டால், உறுப்பும் அதன் சந்ததிகளும் கொண்டுள்ள உரை முழுவதும் சேர்ந்து ஒரே சரமாக எடுத்துக்கொள்ளப்படும். இங்கே எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்று முளைக்கிறது. பத்தியில் உள்ள உரை அதன் பெற்றோரிலும் உள்ளது, 'பாடி'யிலும் உள்ளது, 'எச்டிஎம்எல்' வேர் உறுப்பிலும் உள்ளது. எந்த உறுப்பானாலும் சரி என்று நட்சத்திரக்குறி இட்டுத் தேடினால், ஆவண வரிசையில் முதலில் நிற்கும் வேர் உறுப்பையே செலினியம் திருப்பித் தரும். சோதனை வெற்றி பெறும். ஆனால் வாக்கியம் எங்கே இருந்தது என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லியிருக்காது. பத்தி, அறிவிப்புப் பெட்டி என உறுப்பின் பெயரையோ அடையாளத்தையோ குறிப்பிட்டு வட்டத்தைச் சுருக்கிய பிறகே புள்ளியைப் பயன்படுத்துவது முறை.

துண்டுபடாத வாக்கியமும் பொருந்தவில்லை என்றால் இடைவெளியைச் சந்தேகிக்கலாம். இரு சொற்களுக்கு நடுவே வரி உடையாமல் இருக்க வைக்கப்படும் முறிவில்லா இடைவெளி, யூனிகோடில் 160 என்ற எண்ணுடைய தனி எழுத்து. கண்ணுக்கு அது சாதாரண இடைவெளிதான். உலாவியிலிருந்து நகலெடுக்கும்போது அது சாதாரண இடைவெளியாக மாறிவிடுவதும் உண்டு. அப்போது நகலும் மூலமும் வேறுபட்டுவிடும். எக்ஸ்பாத்தின் 'நார்மலைஸ்-ஸ்பேஸ்' சார்பு சாதாரண இடைவெளி, டேப், வரிமுடிவு எழுத்துகள் ஆகியவற்றை மட்டுமே சீர்செய்யும். முறிவில்லா இடைவெளியைத் தொடாது. அதை 'டிரான்ஸ்லேட்' சார்பால் நீங்களே மாற்ற வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே உறுப்பைக் கண்டுபிடித்து அதன் உரையைத் தருமாறு செலினியத்திடம் கேட்டால், அது முறிவில்லா இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக மாற்றிய பிறகே தரும். ஒரே கருவிக்குள் தேடும் வழிக்கு ஒரு விதியும் படிக்கும் வழிக்கு வேறொரு விதியும் இருப்பது தெரியாததால் பல மணி நேரங்கள் வீணாகின்றன.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? பக்கத்தின் மூல நிரலை முழுவதுமாக ஒரு சரமாக வாங்கி, அதில் நமக்கு வேண்டிய வாக்கியம் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா? (வாசகர், மதுரை)

பதில்: போதாது. இன்றைய செயலிகள் பலவற்றில், திரையில் காட்டப்பட வேண்டிய தரவு முழுவதும் 'ஸ்கிரிப்ட்' குறிக்குள் ஜேசன் என்னும் தரவு வடிவில் முன்கூட்டியே அனுப்பப்படுகிறது. பக்கம் வரைவதில் பிழை ஏற்பட்டு வெறும் வெள்ளைத் திரை நின்றாலும், வாக்கியம் மூலத்தில் இருப்பதால் உங்கள் சோதனை வெற்றி பெற்றுவிடும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கொண்டு மறைத்து வைக்கப்பட்ட பிழைச் செய்திகளும் மூலத்தில் இருக்கும். எதிர்த்திசையிலும் இது ஏமாற்றும்: திரையில் 'ராமன் & சன்ஸ்' என்று இருப்பது மூலத்தில் அந்தக் குறியின் எச்டிஎம்எல் மாற்றெழுத்தோடு இருப்பதால் பொருந்தாது. செலினியத்தின் பழைய ஆர்சி பதிப்பில், பக்கம் முழுவதிலும் ஒரு தொடர் இருக்கிறதா என்று கேட்பதற்கென்றே 'இஸ்டெக்ஸ்ட்பிரசென்ட்' என்ற கட்டளை இருந்தது. ஆர்சிக்குப் பின் வந்த வெப்டிரைவரில் அதற்கு இடமில்லை. அந்த நீக்கத்தை நான் வரவேற்கிறேன், ஏனெனில் 'பக்கத்தில் எங்கோ' என்பது சோதனைக்கு உரிய கேள்வியே அன்று.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு வாதம் நீடிக்கிறது. வாக்கியம் முழுவதும் பொருந்த வேண்டும் என்று நான் எழுதுகிறேன். என் மூத்த சக பணியாளரோ, பகுதி பொருந்தினால் போதும், அப்போதுதான் சோதனை அடிக்கடி உடையாது என்கிறார். எது சரி? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இந்தத் தேர்வை நீங்கள் செய்யாவிட்டால் உங்களுக்காகக் கருவி செய்துவிடும் என்பதை முதலில் கவனியுங்கள். பிளேரைட் என்னும் சோதனைக் கருவியில் உரையால் உறுப்பைத் தேடும் 'கெட்பைடெக்ஸ்ட்' கட்டளை இயல்பாகப் பகுதிப் பொருத்தத்தையே ஏற்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பாராது. 'எக்ஸாக்ட்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால்தான் அது கண்டிப்பாகும். டெஸ்டிங் லைப்ரரி என்னும் சோதனை நூலகத்தில் அதே பெயருள்ள கட்டளை இதற்கு நேர்மாறானது: இயல்பாகவே முழுச் சரமும், பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட, அப்படியே பொருந்த வேண்டும். சைப்ரஸ் என்னும் சோதனைக் கருவியின் 'கன்டெய்ன்ஸ்' பகுதிப் பொருத்தத்தை ஏற்கும், ஆனால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும். பிஎச்பி உலகின் மிங்க் நூலகம் பகுதியையும் ஏற்கும், எழுத்து வேறுபாட்டையும் விட்டுவிடும். ஆகவே ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குச் சோதனைகளை மாற்றும் குழு, வரிக்கு வரி சரியாக மாற்றினாலும் சோதனையின் கண்டிப்பு தன்னையறியாமல் தளர்ந்தோ இறுகியோ போய்விடும். இறுகினால் தோல்வி வந்து எச்சரிக்கும். தளர்ந்தால் எச்சரிக்க யாருமில்லை.

பல இடங்களில் பொருந்தும்போது என்ன நடக்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. பிளேரைட்டும் டெஸ்டிங் லைப்ரரியும் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் கிடைத்தால் பிழை எழுப்பி நின்றுவிடும். சைப்ரஸின் 'கன்டெய்ன்ஸ்' கட்டளையும் செலினியத்தின் ஒற்றை உறுப்புத் தேடலும் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேலே செல்லும். பின்னவற்றில் பகுதிப் பொருத்தத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

இனி உங்கள் வாதத்துக்கு வருவோம். இதைத் தீர்மானிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல், பயனர் கண்டுகொள்ளாமல் விடும் வேறுபாட்டைச் சோதனையும் விட்டுவிட வேண்டும், பயனருக்குப் பொருளே மாறிப்போகும் வேறுபாட்டைச் சோதனை ஒருபோதும் விடக் கூடாது என்பதுதான். இந்த அளவுகோலால் பார்த்தால், தமிழ்ப் பக்கங்களில் பகுதிப் பொருத்தம் ஆங்கிலத்தைவிட ஆபத்தானது. நம் மொழியில் காலம், எதிர்மறை, ஐயம், நிபந்தனை எல்லாம் வினைச்சொல்லின் இறுதியில் வந்து ஒட்டுகின்றன. 'பணம் கிடைத்தது' என்ற தொடரைத் தேடும் சோதனை, 'பணம் கிடைத்ததும் பயணச்சீட்டு அனுப்பப்படும்' என்ற வாக்கியத்திலும் மனநிறைவோடு பொருந்திவிடும். முதலாவது, பரிமாற்றம் முடிந்துவிட்டது என்கிறது. இரண்டாவது, இன்னும் முடியவில்லை என்கிறது. சோதனையை 'நெகிழ்வாக' வைப்பதற்காக 'கட்டணம் செலுத்தப்பட' என்று சொல்லை வெட்டி எழுதினால் நிலைமை இன்னும் மோசம்: 'செலுத்தப்படவில்லை', 'செலுத்தப்பட வேண்டும்', 'செலுத்தப்பட்டது' ஆகிய மூன்றும் அதற்கு ஒன்றே. தமிழில் உயிர்மெய்யின் உயிர்க்குறி தனிக் குறியீடாகச் சேமிக்கப்படுவதால், அகர உயிர்மெய்யில் வெட்டப்பட்ட சொல் இகரத்தோடும் உகரத்தோடும் ஆகாரத்தோடும் தொடரும் சொற்களிலெல்லாம் பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம். 'பட' என்று தேடினால் 'படி'யும் கிடைக்கும், 'பாடம் படித்தல்' என்பதும் கிடைக்கும்.

எண்களுக்கும் இதே கதைதான். '1 பொருள்' என்பது '11 பொருள்கள்' என்பதற்குள் இருக்கிறது. '₹50' என்பது '₹500'-க்குள் இருக்கிறது. வணிகச் செயலிகளின் சோதனைகளில் தொகையைப் பகுதிப் பொருத்தத்தால் சரிபார்ப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தொகை தனி உறுப்பில் இருந்தால் அந்த உறுப்பின் முழு உரையையும் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் அதைத் தனி உறுப்பில் வைக்குமாறு நிரலாளரிடம் கேளுங்கள். ஒரு சிறிய 'ஸ்பான்' குறியைச் சேர்க்க மறுக்கும் நிரலாளரை நான் இதுவரை கண்டதில்லை.

உங்கள் சக பணியாளருடைய கருத்துக்கும் இடமுண்டு. வாக்கியத்தின் நடுவே ஒவ்வொரு முறையும் மாறும் விண்ணப்ப எண்ணோ நேரமோ இருந்தால் முழுப் பொருத்தம் எழுத முடியாது. அப்போது அவர் சொல்லும் பகுதிப் பொருத்தத்தைவிட, இரு முனைகளிலும் கட்டப்பட்ட ரெஜெக்ஸ் (சரத்தின் அமைப்பை விவரிக்கும் குறியீடு) வடிவம் மேலானது: மாறும் இடத்துக்கு மட்டும் 'இத்தனை இலக்கங்கள்' என்று வழிவிட்டு, மற்ற சொற்களை அப்படியே வைத்திருக்கலாம். ரெஜெக்ஸில் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் விட்டுவிட்டால் அதுவும் பகுதிப் பொருத்தமே. புள்ளி, அடைப்புக்குறி, கூட்டல்குறி ஆகியவற்றுக்கு ரெஜெக்ஸில் தனிப்பொருள் உண்டு என்பதால், 'மொத்தம் (ரூ.)' போன்ற தலைப்பை அப்படியே எழுதினால் அடைப்புக்குறிகள் தொகுப்புக் குறிகளாகிவிடும், பக்கத்தில் கண்முன்னே இருக்கும் தலைப்பு கிடைக்காது.

கேள்வி: எங்கள் தளம் முழுவதும் தமிழில் உள்ளது. எதிர்பார்த்த சொல்லும் கிடைத்த சொல்லும் சோதனை அறிக்கையில் அடுத்தடுத்து அச்சாகின்றன. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகின்றன. ஆயினும் பொருந்தவில்லை என்கிறது. இதற்கு ஏதேனும் பொதுவான தீர்வு உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பாதிக்கு உண்டு, மீதிக்கு இல்லை. முதலில் இரு சரங்களையும் எழுத்துகளாக அச்சிடாமல் யூனிகோடு எண்களின் பட்டியலாக அச்சிடுங்கள். எந்த நிரல்மொழியிலும் இதற்கு ஓரிரு வரிகள் போதும். அதைக் கண்டவுடனேயே வேறுபாடு எங்கே என்பது தெரிந்துவிடும்.

தீர்க்கக்கூடிய பாதி இது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரு வழிகளில் எழுதலாம். ககரத்துக்குப் பின் 3018 என்ற எண்ணுள்ள ஒகரக் குறியை ஒற்றை எழுத்தாக இடலாம்; அல்லது ஒற்றைக்கொம்பான 3014, கால் குறியான 3006 ஆகியவற்றை அடுத்தடுத்து இடலாம். ஓகார, ஔகாரக் குறிகளும் இப்படியே. யூனிகோடு தரம் இவ்விரண்டையும் சமமானவை என்று அறிவித்திருக்கிறது. எழுத்துருக்கள் ஒரே வடிவில் வரைகின்றன. ஆனால் உலாவி பக்கத்தை ஏற்றும்போது இவற்றை ஒன்றாக்குவதில்லை, சர ஒப்பீடும் தானாக ஒன்றாக்குவதில்லை. பழைய எழுத்துருக் குறிமுறைகளிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளிலும், வெவ்வேறு விசைப்பலகைச் செயலிகளால் தட்டச்சு செய்யப்பட்ட தரவுகளிலும் இவ்விரு வடிவங்களும் கலந்து கிடைக்கும். ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் என்எப்சி என்னும் இயல்பாக்க வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் சிக்கல் தீரும். ஜாவாஸ்கிரிப்டில் சரங்களுக்கு 'நார்மலைஸ்' முறையும், பைதானில் 'யூனிகோடுடேட்டா' தொகுதியும் இதற்காகவே உள்ளன. பக்கத்திலிருந்து வாங்கிய உரையை மட்டும் இயல்பாக்கிவிட்டு, சோதனைக் கோப்பில் எழுதியதை மறந்துவிடுகிறவர்கள் பலர்; இரண்டுக்கும் செய்ய வேண்டும்.

தீர்க்க முடியாத பாதி, ஒன்றுபோல் தோன்றினாலும் யூனிகோடின் பார்வையில் சமமல்லாத எழுத்துகளால் வருவது. ஔகாரக் குறியின் வலப்பக்க உறுப்பும் ளகரமும் ஒரே உருவில் இருப்பதால், 'ஔவை' என்பதை ஒகரம், ளகரம், வை என்று தட்டச்சு செய்து 'ஒளவை' ஆக்கியிருக்கும் பக்கங்கள் இணையத்தில் ஏராளம். காலுக்குப் பதிலாக ரகரம், எகரத்துக்குப் பதிலாகத் தமிழ் ஏழைக் குறிக்கும் '௭', ககரத்துக்குப் பதிலாகத் தமிழ் ஒன்றான '௧' என்று இந்தப் பட்டியல் நீள்கிறது. எந்த இயல்பாக்கமும் இவற்றை இணைக்காது. இணைக்கவும் கூடாது, ஏனெனில் இவை உண்மையான எழுத்துப் பிழைகள். பயனர் கண்ணால் பார்த்து வேறுபாடு காணமாட்டார் என்பது மெய்தான், ஆனால் அதே பயனர் தேடல் பெட்டியில் 'ஔவை' என்று சரியாகத் தட்டச்சு செய்தால் அந்தப் பதிவு அவருக்குக் கிடைக்காது. திரைபடிப்பானைப் பயன்படுத்துகிறவருக்கோ அச்சொல் தவறாகவே ஒலிக்கும். இங்கே சோதனை தோற்பது சரி. திருத்த வேண்டியது தரவை.

கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் இணைப்புத் தடை எழுத்தும் (8204), அகலமில்லா இடைவெளியும் (8203) இன்னொரு வகை. ஜாவாஸ்கிரிப்டின் ரெஜெக்ஸில் 'எல்லா இடைவெளியும்' என்று பொருள்படும் குறி முறிவில்லா இடைவெளியைப் பிடிக்கும், ஆனால் இவ்விரண்டையும் பிடிக்காது.

ரெஜெக்ஸ் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லின் எல்லையைக் குறிக்கும் பின்சாய்கோட்டு 'பி', சொல்லெழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோட்டு 'டபிள்யூ' ஆகிய இரண்டும் ஜாவாஸ்கிரிப்டில் ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே அறியும். வெற்றிடத்துக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் நடுவே எல்லை இருப்பதாகவே அது கருதாததால், முழுச் சொல்லாகப் பொருந்த வேண்டும் என்று எண்ணி நீங்கள் இட்ட எல்லைக்குறி, சொல்லை எங்கேயும் பொருந்தவிடாமல் செய்துவிடும். பைதான் 3 தமிழ் உயிரெழுத்துகளையும் அகர உயிர்மெய்களையும் சொல்லெழுத்தாக ஏற்கிறது, ஆனால் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏற்பதில்லை. ஆகவே சொல் நடுவிலேயே முறிகிறது. ஜாவாஸ்கிரிப்டின் தரமான எக்மாஸ்கிரிப்டின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அம்மொழியில் யூனிகோடு பண்புகளைக் கொண்டு எழுத்தையும் துணைக்குறியையும் தனித்தனியே கேட்க முடிகிறது. தமிழுக்கு அந்த இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கேள்வி: சோதனைக் கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட் மென்பொருளின் பதிப்பை உயர்த்தியதும் 'முற்பகல் 10:30' போன்ற நேரத்தை ஆங்கிலத்தில் ஒப்பிடும் சோதனைகள் எல்லாம் ஒரே நாளில் விழுந்தன. ஏன்? (வாசகர், சென்னை)

பதில்: மீண்டும் இடைவெளிதான். மொழிவாரியான நாள், நேர, எண் வடிவங்களைத் தொகுக்கும் சிஎல்டிஆர் தரவின் 42-ஆம் பதிப்பு 2022 அக்டோபரில் வெளிவந்தது. அதில் ஆங்கில நேரத்துக்கும் 'ஏஎம்', 'பிஎம்' குறிகளுக்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளி, குறுகிய முறிவில்லா இடைவெளியாக (8239) மாற்றப்பட்டது. அந்தத் தரவைச் சுமக்கும் ஐசியு நூலகத்தின் 72-ஆம் பதிப்பு, 2023 ஜனவரியில் வந்த நோட் 18.13-க்குள் நுழைந்தபோது உலகெங்கும் பல சோதனைகள் இப்படியே விழுந்தன. எதிர்பார்க்கும் மதிப்பை நோடிலும் உண்மை மதிப்பை உலாவியிலும் உருவாக்கினால், இரண்டும் ஒரே ஐசியு பதிப்பைக் கொண்டிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒப்பிடுவதற்கு முன் எல்லா வகை இடைவெளிகளையும் ஒற்றைச் சாதாரண இடைவெளியாக்கும் சிறு துணைச் சார்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாணய வடிவங்களுக்கும் அது உதவும்: ஜெர்மானிய வடிவில் யூரோ குறிக்கு முன்னும், பிரெஞ்சு வடிவில் ஆயிரங்களுக்கு நடுவிலும் முறிவில்லா இடைவெளிகள் உண்டு.

கேள்வி: செலினியத்தில் எழுதிய சோதனைகளைப் பிளேரைட்டுக்கு மாற்றும்போது, பொத்தானின் பெயர் செலினியத்தில் பெரிய எழுத்துகளிலும் பிளேரைட்டில் சிறிய எழுத்துகளிலும் கிடைக்கிறது. எதை நம்புவது? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: இரண்டும் உண்மை சொல்கின்றன. சிஎஸ்எஸ் விதி ஒன்று அந்தப் பொத்தானைப் பெரிய எழுத்தில் வரையச் சொல்லியிருக்கிறது. செலினியம் திரையில் வரையப்பட்ட உரையைத் தருகிறது. பிளேரைட்டில் உரையைச் சரிபார்க்கும் 'டூஹேவ்டெக்ஸ்ட்' கட்டளை இயல்பாக மரத்தில் உள்ள 'டெக்ஸ்ட்கன்டென்ட்' மதிப்பைப் பார்க்கிறது. வரையப்பட்ட உரை வேண்டுமென்றால் அதற்கு 'யூஸ்இன்னர்டெக்ஸ்ட்' என்ற விருப்பம் உண்டு. அழகுக்காகச் செய்த எழுத்து மாற்றத்தைச் சோதனை பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதால், இந்த இடத்தில் மரத்தில் உள்ள உரையே போதுமானது என்பது என் கருத்து. ஆனால் மறைக்கப்பட்ட குழந்தை உறுப்புகளின் உரையும் 'டெக்ஸ்ட்கன்டென்ட்'டில் கலந்திருக்கும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: 'பிழைச் செய்தி தோன்றக் கூடாது' என்று ஒரு சோதனை எழுதினேன். செயலியை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தபோதும் அது வெற்றி பெறுகிறது. (வாசகர், சேலம்)

பதில்: செயலியைக் கெடுத்துப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை. இத்தகைய எதிர்மறைச் சோதனைகளை எழுதுகிறவர்களில் அதைச் செய்பவர்கள் குறைவு.

இன்றைய கருவிகள் ஒரு கூற்று உண்மையாகும்வரை மீண்டும் மீண்டும் முயல்கின்றன: இயல்பாகப் பிளேரைட் 5 நொடி, சைப்ரஸ் 4 நொடி, ரூபி மொழியின் சோதனை நூலகமான கேப்பிபாரா 2 நொடி, டெஸ்டிங் லைப்ரரியின் 'ஃபைண்ட்' வகைக் கட்டளைகள் 1 நொடி காத்திருக்கும். 'இந்த உரை இருக்கிறது' என்ற கூற்றுக்கு இந்தக் காத்திருப்பு பாதுகாப்பாக அமைகிறது. 'இந்த உரை இல்லை' என்ற கூற்றோ, பொத்தானை அழுத்திய அந்தக் கணத்திலேயே உண்மையாகிவிடுகிறது. வழங்கியிலிருந்து (சர்வரிலிருந்து) பதில் வந்து பிழைச் செய்தி தோன்றுவதற்குள் சோதனை முடிந்து கிளம்பிவிடுகிறது. செயல் முடிந்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் என்ன தோன்றும் என்பதைக் கண்டறிந்து, முதலில் அதற்காகக் காத்திருந்து, அதன் பிறகு பிழைச் செய்தி இல்லை என்பதைச் சரிபார்க்க வேண்டும். இடையில் மூன்று நொடி தூங்கச் சொல்லும் வழியைப் பலர் கையாள்கிறார்கள். வழங்கி மெதுவாக இயங்கும் நாளில் அதுவும் பயன்படாது.

கேப்பிபாராவில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். 'உரை இருக்கிறதா' என்று கேட்டு விடையை மறுப்பதும், 'உரை இல்லையா' என்று கேட்பதும் அங்கே வேறு வேறு. மறையப்போகும் செய்தியின் மீது முதல் வகையைக் கேட்டால், அது இன்னும் திரையில் இருப்பதைக் கண்டவுடன் காத்திராமல் விடை சொல்லிவிடும். இரண்டாவது வகை, அது மறையும்வரை பொறுத்திருக்கும்.

உங்கள் சோதனையில் இன்னொரு குறையும் இருக்கலாம். எதிர்மறைச் சோதனையில் தேடும் வாக்கியத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால், அந்தப் பிழையான வாக்கியம் எக்காலத்திலும் பக்கத்தில் தோன்றாது. எனவே சோதனை எக்காலத்திலும் வெற்றி பெறும். பிழைச் செய்தி தோன்ற வேண்டிய சூழலைச் சோதிக்கும் நேர்மறைச் சோதனையும் அதே மாறிலியிலிருந்து வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுமாறு அமைத்தால், வாக்கியம் மாறும் நாளில் அந்த நேர்மறைச் சோதனை விழுந்து உங்களை எச்சரிக்கும்.

கேள்வி: மொழிபெயர்ப்பாளர் 'விண்ணப்பத்தை சமர்ப்பிக்கவும்' என்பதில் விடுபட்ட ஒற்றைச் சேர்த்து 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' என்று திருத்தினார், எங்கள் சோதனைகளில் பெரும்பகுதி விழுந்துவிட்டது. இனி எதிர்பார்க்கும் உரையைச் சோதனையில் எழுதாமல் மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, கொழும்பு)

பதில்: ஓர் ஒற்றெழுத்துக்காக அத்தனை சோதனைகளும் விழுந்தன என்றால், அவற்றுள் பெரும்பாலானவை உரையைச் சோதிக்கவே இல்லை, பொத்தானைக் கண்டுபிடிக்க உரையைக் கைப்பிடியாகப் பயன்படுத்தியிருக்கின்றன. அப்படிப்பட்ட சோதனைகளில் மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து உரையை எடுப்பதில் தவறில்லை. உறுப்பின் பங்கும் (பொத்தானா, இணைப்பா என்பது) அணுகல்தன்மைப் பெயரும் (திரைபடிப்பான் வாசிக்கும் பெயர்) கொண்டு தேடுவதையே டெஸ்டிங் லைப்ரரியும் பிளேரைட்டும் முதலில் பரிந்துரைக்கின்றன. சோதனைக்கென்றே இடப்படும் அடையாளக் குறியை டெஸ்டிங் லைப்ரரி கடைசி வழியாக வைக்கிறது. பன்மொழித் தளங்களில் அந்தக் கடைசி வழியை இன்னும் சற்றுத் தாராளமாகக் கையாளலாம் என்பேன்.

ஆனால் எல்லாவற்றையும் கோப்பிலிருந்து எடுத்தால் சோதனை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஐ18நெக்ஸ்ட் போன்ற மொழிபெயர்ப்பு நூலகங்கள், ஒரு திறவுச்சொல்லுக்கு (வாக்கியத்தைக் குறிக்க நிரலில் இடும் பெயருக்கு) மொழிபெயர்ப்பு கிடைக்காவிட்டால் இயல்பாக அந்தத் திறவுச்சொல்லையே திரையில் காட்டும். சோதனையும் அதே நூலகம் வழியாக அதே திறவுச்சொல்லைக் கேட்டால் அதற்கும் திறவுச்சொல்லே கிடைக்கும், இரண்டும் பொருந்தும், தமிழ்ப் பயனர் ஆங்கிலத் துண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். தமிழ்க் கோப்பில் ஒரு சொல்லுக்கு மற்றொன்றின் மொழிபெயர்ப்பு மாறிப் போயிருந்தாலும் இவ்வகைச் சோதனை அறியாது. எனவே கட்டணம், ஒப்புதல், நிராகரிப்பு, நீக்கம் போன்று தவறாகப் படித்தால் பயனருக்கு இழப்பு நேரும் வாக்கியங்களைச் சோதனைக் கோப்பிலேயே முழுமையாக எழுதி வையுங்கள். அவை ஓர் ஒற்றெழுத்துக்காக விழுந்தாலும் விழட்டும். அந்த வாக்கியத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று இன்னொருவர் ஒருமுறை பார்ப்பது நல்லதே.

கேள்வி: உள்ளீட்டுப் பெட்டியில் நிரப்பப்பட்ட பெயரை எந்த உரைத் தேடலாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பெயரில் மேற்கோள் குறியும் இருப்பதால் எக்ஸ்பாத்தே உடைகிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உள்ளீட்டுப் பெட்டியில் தட்டச்சு செய்யப்பட்டது அதன் மதிப்பே தவிர உரைக்கணு அன்று, மதிப்பைச் சரிபார்க்கும் தனிக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் வழிகாட்டுச் சொற்களும், சிஎஸ்எஸ் போலி உறுப்புகளால் முன்னும் பின்னும் சேர்க்கப்படும் குறிகளும் இவ்வாறே உரைத் தேடலில் அகப்படா. மேற்கோளைப் பொறுத்தவரை, எக்ஸ்பாத் 1.0-இல் சரத்துக்குள் மேற்கோளை விலக்கி எழுத வழியே இல்லை. ஒற்றை மேற்கோள் மட்டும் இருந்தால் சரத்தை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். இரண்டும் கலந்து வந்தால் சரத்தைத் துண்டுகளாக்கி 'கன்கேட்' சார்பால் இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.